பொட்டியில வந்த மாயாவி

போன மாசம் சித்தப்பா மகன் லண்டன்லேருந்து லீவுக்கு வந்தான். வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்டதுக்கு வீட்ல எல்லாரும் சாக்லேட்டு சென்ட்டுன்னு லிஸ்ட் போட, நான் மட்டும் நாலு காமிக்ஸ் பேரை வாட்ஸ்அப்ல தட்டி விட்டேன். "அண்ணே உங்களுக்கு அம்பது வயசு ஆகப் போவுது"ன்னு ஒரு ரிப்ளை, கூடவே சிரிக்கிற பொம்மை ரெண்டு. வந்து பொட்டிய திறந்தப்ப சிரிப்பு இல்ல, "ஏழு கிலோ இதுக்கே போச்சு, என் ட்ரெஸ்ஸ பாதி அங்கயே விட்டுட்டு வந்தேன்"ன்னு புலம்பல். அந்த ஏழு கிலோவ முழுசா படிச்சு முடிச்சாச்சு, அதைப் பத்திதான் இது.

நாலும் பழைய பிரிட்டிஷ் வாராந்திர காமிக்ஸோட மறுபதிப்புங்க. ஆக்ஸ்ஃபோர்டுல ரெபெல்லியன்னு ஒரு கம்பெனி, அடிப்படையில வீடியோ கேம் பண்றவங்க, 2000லயே 2000ஏடி பத்திரிகைய வாங்கினவங்க. 2016ல ஃப்ளீட்வே, ஐபிசிங்கற பழைய பிரிட்டிஷ் பதிப்பகங்களோட 1970க்கு அப்புறம் வந்த காமிக்ஸ் உரிமைய மொத்தமா வாங்கினாங்க, 2018ல அதுக்கு முந்தின சரக்கையும் வாங்கிட்டாங்க. ட்ரெஷரி ஆஃப் பிரிட்டிஷ் காமிக்ஸ்னு தனி வரிசை போட்டு ஒவ்வொண்ணா புக்கா கொண்டு வர்றாங்க. இந்த ரெண்டு வருஷத்தையும் ஏன் சொல்றேன்னா நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் அந்த ரெண்டாவது மூட்டையிலதான் இருந்தாங்க, அதான் 2021 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

நம்ம ஆளுங்கன்னா யாருன்னு கேக்கறவங்க என்னை விட பத்து வயசாவது சின்னவங்களா இருப்பீங்க. தமிழ்லயும் வந்து சக்கைப் போடு போட்ட பிரிட்டிஷ் காமிக்ஸ் ஹீரோக்கள், இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும்தான், வேற யாரு.

சிவகாசியில முத்து காமிக்ஸோட முதல் இதழே 1972 ஜனவரியில வந்த இரும்புக்கை மாயாவிதான். நான் படிக்க ஆரம்பிச்சது பல வருஷம் கழிச்சு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வாடகை நூலகத்துல, அட்டை போயி நூல் போட்டு தைச்சு மூணு மூணு புக்கா பைண்டு பண்ணி வச்சிருப்பாங்க, கடைசி ரெண்டு பக்கம் கண்டிப்பா இருக்காது. அதனால பாதி மாயாவி கதைக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் முடிவு தெரியாது. மாயாவிய சிவகாசியில யாரோ ஒருத்தர்தான் உக்காந்து வரையறாருன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு சிவகாசி போனப்ப "மாயாவி படம் போடறவர் வீடு எங்க மாமா இருக்கு"ன்னு கேட்டு பந்தியே சிரிச்சது இன்னமும் வீட்டு விசேஷத்துல எடுத்து விடுவாங்க.

அந்தக் கேள்விக்கு பதில் இப்ப வந்த மாயாவி புக்கோட அட்டையில இருக்கு. ஹெசுஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்ல பார்சிலோனாக்காரர், 1919ல பொறந்தவர். தம்பிங்களையும் சேத்துக்கிட்டு குடும்பமா வரைஞ்சு லண்டனுக்கு அனுப்பின ஆளு. எழுதினவர் கென் பல்மர்ங்கற அறிவியல் கதை எழுத்தாளர், பின்னாடி டாம் டல்லி வந்து சேந்துக்கிட்டாரு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வாராந்திரங்கள்ல எழுதறவன் பேரு வரையறவன் பேரு எதையும் போட மாட்டாங்க, அது அங்க வழக்கம். அப்ப அந்த ஊர்ப் பையனுக்கும் பிளாஸ்கோ யாருன்னு தெரிஞ்சிருக்காது, சிவகாசியத் தேடின எனக்கும் தெரியாது. அறுபது வருஷம் கழிச்சு அட்டையில பெரிய எழுத்துல அந்தப் பேரைப் பாத்தப்ப, சரி நம்ம கேட்ட கேள்வி ஒண்ணும் அவ்வளவு கிறுக்குத்தனம் இல்லன்னு தோணுச்சு.

முதல் புக், தி ஸ்டீல் க்ளா: இன்விசிபிள் மேன். நம்ம மாயாவியோட இங்கிலீஷ் பேருதான் ஸ்டீல் க்ளா. வேலியன்ட் பத்திரிகையோட முதல் இதழ் 1962 அக்டோபர் 6, அதுலேருந்தே ஆரம்பிச்ச தொடர் இது. கருப்பு வெள்ளைதான், கலர் எதிர்பாத்து வாங்கிடாதீங்க.

நான் படிச்ச கதையில எல்லாம் மாயாவி நல்லவரு, நிழல்படையோட உளவாளி, விரல் நுனியில துப்பாக்கி, இன்னொரு விரல்ல வாயு, பிரிட்டன காப்பாத்துவாரு. இதுல தொடக்கத்துல வர்ற லூயிஸ் க்ராண்டல் (மாயாவியோட நிஜப் பேரு) அந்த ஆளே கிடையாது. பேரிஞ்சர்னு ஒரு புரொஃபசர், அவர்கிட்ட லேப்ல எடுபிடி மாதிரி வேலை பாக்கற, எப்பவும் கடுகடுன்னு மூஞ்சிய வச்சிருக்கற ஒரு மனுசன். முன்னமே ஒரு விபத்துல வலது கை போயி இரும்புக் கை மாட்டியிருக்கு. லேப்ல மெஷின் வெடிச்சு கரண்டு அடிச்சு உடம்பு முழுக்க மறைஞ்சு அந்தக் கை மட்டும் அந்தரத்துல தொங்குது, இதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா அதுக்கப்புறம் அவன் நேரா போறது திருட! பேங்க்ல புகுந்து அடிக்கறான், போலீஸ் துரத்துது, கடைசியில நியூயார்க்கையே மிரட்டற அளவுக்குப் போறான். சின்ன வயசுல யாரை சாமி மாதிரி நினைச்சோமோ அவன் பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஜந்து மாதிரி நடந்துக்கறத பாக்கறப்ப மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஒரு இருபது பக்கம் போனதும் அட இதுதான்யா நல்லா இருக்கு, இவ்வளவு நாளா இதை விட்டுட்டமேன்னு ஆயிடுச்சு. நல்லவனா மாறினதுக்கு அப்புறம் வர்ற மாயாவிய விட இந்தக் கெட்ட க்ராண்டல்கிட்ட உசிரு அதிகம். கரண்டுக்காக அலையறான் பாருங்க, குடிகாரன் கடை தேடற மாதிரி, மறையற நேரம் தீந்து போச்சுன்னா உடம்பு தெரிய ஆரம்பிச்சிடும், எங்கயாவது ஒரு விளக்கு, ஒரு வயரு, எதுலயாவது கைய சொருகணும். அந்த அவஸ்தைய பிளாஸ்கோ முகத்துல வரைஞ்சிருக்கற விதம் இருக்கே.

ஒரு கட்டம் மட்டும் சொல்றேன், அதுல என்ன இருக்குன்னு பாத்தா இவர் ஏன் பெரிய ஆளுன்னு தெரியும். ராத்திரி ரோடு, மழை பெஞ்சு நனைஞ்சு கெடக்கு, தெரு விளக்கு வெளிச்சம் கீழ சிதறி ஓடுது, கூட்டம் பதறி ரெண்டு பக்கமும் விலகுது. எல்லாரும் ஒரே எடத்தைப் பாக்கறாங்க. அங்க ஒண்ணுமே இல்ல, ஒரு கை மட்டும். இல்லாத ஆளை எப்படிய்யா வரையறது? சுத்தி இருக்கறவன் கண்ணு போற திசையால வரைஞ்சுட்டாரு. நம்ம ஊரு பாக்கெட் சைஸ் புக்குல பக்கத்துக்கு ரெண்டு மூணு கட்டம், அதுவும் மங்கலான பேப்பர்ல, இந்த மாதிரி விஷயம் அதுல புலப்படவே இல்ல, இல்ல எனக்கு அந்த வயசுல கண்ணு பத்தலையோ என்னமோ. இங்க பக்கம் பெருசு, ஒரு பக்கத்துல ஏழெட்டு கட்டம் நெருக்கி நெருக்கி, மை பளிச்சுன்னு இருக்கு.

குறையும் சொல்லணும். வாரா வாரம் ரெண்டு பக்கமா வந்த கதைய ஒண்ணா சேத்து புக் ஆக்கினதால ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை "அய்யோ மாட்டிக்கிட்டான்"ன்னு முடியும், அடுத்த பக்கம் அதே விஷயத்தை ஒரு பெட்டியில திருப்பிச் சொல்லிட்டு ஆரம்பிக்கும். ஒரே மூச்சுல படிச்சா தலை சுத்தும். மெகா சீரியலோட எபிசோடுங்கள எல்லாம் ஒட்டி ஒரே நாள்ல பாத்தா எப்படி, அப்படி. நான் மொத நாள் அம்பது பக்கம் ஓட்டிட்டு சலிச்சுப் போயி வச்சிட்டேன். அப்புறம் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு பத்து பக்கம்னு வச்சுக்கிட்டேன், சரியாப் போச்சு. பொம்பளைங்களே கிட்டத்தட்ட கிடையாது, பசங்க பத்திரிகை பசங்களுக்குன்னு எழுதினது அப்படியே தெரியும்.

(கைய சொருகறதுன்னதும் ஞாபகம் வருது. சின்ன வயசுல மாயாவி படிச்சுட்டு எங்க பெரியம்மா மகன் ப்ளக் பாயின்ட்ல ஆணிய விட்டு மொத்த வீட்டுக்கும் ஃப்யூஸ் போச்சு. மறையல. பெரியப்பா கண்ணுக்கு நல்லாவே தெரிஞ்சான், அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். புள்ளைங்க இருக்கற வீட்ல படிக்கக் குடுத்தா ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க.)

ரெண்டாவது, தி ஸ்பைடர்ஸ் சிண்டிகேட் ஆஃப் க்ரைம். இது லயன்ங்கற பிரிட்டிஷ் பத்திரிகையில 1965 ஜூன்ல ஆரம்பிச்சது. நம்ம சிவகாசி லயன் காமிக்ஸ் 1984ல வந்தது, பேரு ஒண்ணா இருக்கறதால குழப்பிக்க வேண்டாம், ஆனா நம்ம லயன்லயும் ஸ்பைடர்தான் சக்கைப் போடு போட்டாரு. கூர்மையான காது, கருப்பு உடுப்பு, வலை வீசற துப்பாக்கி, ஹெலிகார், கூட பெல்ஹாம்னு ஒரு விஞ்ஞானி, ஆர்டினின்னு பூட்டு உடைக்கறவன். உலகத்துக் குற்றவாளிங்களுக்கெல்லாம் நான்தான் ராஜான்னு கிளம்பி வர்ற ஆளு.

இதுல எனக்கு ஆச்சரியம் கதையில இல்ல, எழுதினவர்ல. ஆரம்பிச்சது டெட் கவன், அவர் கொஞ்சம் எழுதினதும் கைக்கு எடுத்தது யாருன்னா ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உண்டாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர்! 1938ல அவரும் படம் போட்ட ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேன் உரிமைய 130 டாலருக்கு எழுதிக் குடுத்துட்டு, அந்தப் பொம்மைய வச்சு கம்பெனி கோடி கோடியா சம்பாதிக்க, இவங்க கோர்ட்டு படி ஏறி இறங்கி, அறுபதுகள்ல சீகல் வேலை தேடி அலையற நிலைமை. அப்பத்தான் கடல் தாண்டி ஒரு பிரிட்டிஷ் பசங்க பத்திரிகைக்கு வாரம் ரெண்டு பக்கம் ஸ்பைடர் எழுதியிருக்காரு, பேரு கூட போடாம. இதைத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சா ஸ்பைடர் கத்தறது எல்லாம் வேற மாதிரி கேக்குது. பக்கத்துக்கு ஒரு தடவை என்னை யாரும் மதிக்கல, நான் எவ்வளவு பெரிய மூளைக்காரன் தெரியுமா, எல்லாரும் என் கால்ல விழுங்கன்னு நிக்கறான். வில்லன்ங்கறதுக்காக எழுதின வசனமா, இல்ல மனுசன் வயித்தெரிச்சலா? நானா கற்பனை பண்ணிக்கறேன்னு வைங்க, ஆனா ஒரு தடவை தோணிட்டா அப்புறம் அப்படித்தான் படிக்க முடியுது.

படம் ரெக் பன். பிளாஸ்கோ தூரிகையால இழுத்து விட்டா இவர் பேனாவால கோடு கோடா கீறியே இருட்டை உண்டாக்கறவர். ஸ்பைடரோட மூஞ்சிய மட்டும் எண்ணிப் பாத்தா நூறு கோடு தேறும். அது கொஞ்சம் பழக நேரமாகும், மாயாவி படிச்ச கையோட இதை எடுத்தா கண்ணு உறுத்தும், நடுவுல நாலு நாள் விட்டுட்டு எடுங்க. கதை லாஜிக் எதுவும் தேடாதீங்க, மாட்டிக்கிட்டா பெல்ட்டுலேருந்து புதுசா ஒரு கருவி வரும், அது இதுவரைக்கும் எங்க இருந்துச்சுன்னு கேக்கப்படாது. நம்ம பழைய மாயாஜால படத்துல மந்திரக்கோல் வர்ற மாதிரிதான். எனக்கு இதுல பாதிக்கு மேல சலிப்புதான், சீகல் விஷயம் இல்லன்னா இவ்வளவு பொறுமையா படிச்சிருக்க மாட்டேன். ஆனா சின்ன வயசுல மாயாவி கட்சியா ஸ்பைடர் கட்சியான்னு ஸ்கூல்ல சண்டை நடக்குமே, அதுல ஸ்பைடர் கட்சியில இருந்தவங்க என்னை அடிக்க வருவாங்க, வரட்டும்.

இன்னொண்ணு. அந்த ஊர்ல இவங்களை கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தாங்க. 2005ல ஆலன் மூர்ங்கற பிரபல பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் கதைக்கரு குடுத்து அவர் மகளும் மருமகனும் எழுதின ஆல்பியன்ங்கற காமிக்ஸ்ல இந்தப் பழைய ஹீரோக்களை எல்லாம் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க, கதையே இவங்களை எல்லாம் எங்கயோ பூட்டி வச்சுட்டு ஊரே மறந்துடுச்சுங்கறதுதான். அதே சமயத்துல டைட்டன்ங்கற பதிப்பகம் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் ஆளுக்கொரு புக் போட்டாங்க. நம்ம பக்கமோ அவங்க ஒரு நாளும் மறைஞ்சு போனதில்ல, புத்தகக் கண்காட்சியில தலை நரைச்ச ஆளுங்க மாயாவி மறுபதிப்பை அஞ்சு அஞ்சா வாங்கிட்டுப் போறத கண்ணால பாத்திருக்கேன். தமிழ்லயே படிச்சாப் போதும்னு நினைக்கறவங்க தாராளமா அதையே வாங்கலாம், அந்தத் தமிழ் வசனத்துல இருக்கற ருசி இந்த இங்கிலீஷ்ல இல்லவே இல்ல. "டுமீல்"னு நாம படிச்சது இங்க வேற என்னமோ சத்தமா இருக்கு, துப்பாக்கி சுட்ட மாதிரியே இல்ல.

மூணாவது புக்தான் நான் எதிர்பாக்காதது. மார்னி தி ஃபாக்ஸ். லிஸ்ட்ல இதை சும்மா அட்டைய பாத்து போட்டேன். இங்கிலாந்துல டெவன் கிராமப் பக்கம் தாயில்லாம ஆன ஒரு நரிக்குட்டி, ஸ்காட் குடால் எழுதி ஜான் ஸ்டோக்ஸ் வரைஞ்சு 1974லேருந்து 76 வரைக்கும் பஸ்டர்ல வந்தது. பஸ்டர் ஒரு சிரிப்புப் பத்திரிகை! அதுல நடுவுல இப்படி ஒண்ணு. வாரா வாரம் மனுசன் எவனாவது அதைக் கொல்லப் பாக்கறான், வேட்டை நாய், துப்பாக்கி, பொறி, அது தப்பிச்சு ஓடுது, அடுத்த வாரம் வேற ஒருத்தன். கதைன்னா அவ்வளவுதான். ஆனா அந்தப் புல்லு, ஓடை, வேலி மரம், ஈரமான நரி முடி, ஒவ்வொண்ணையும் ஸ்டோக்ஸ் வரைஞ்சிருக்கறத பாத்தா பக்கத்தை திருப்ப மனசு வரல. பொண்ணு ஆறாவது படிக்கறா, நான் படிக்கும்போது தோளுக்கு மேல எட்டிப் பாத்தவ புக்கை புடுங்கிட்டுப் போயிட்டா, அரை மணி நேரத்துல கண்ணைத் துடைச்சுட்டு வந்து "அப்பா கடைசில அது செத்துடுமா, அதை மட்டும் சொல்லு, இல்லன்னா படிக்க மாட்டேன்"னு நிக்கறா. நான் சொல்லல. இங்கயும் சொல்ல மாட்டேன். கெட்டி அட்டை, 2017 பதிப்பு, யாருக்காவது பரிசா குடுக்கணும்னா இந்த நாலுல இதைத்தான் குடுப்பேன்.

நாலாவது சார்லீஸ் வார், மூணு வால்யூம், பொட்டி வெயிட்டுக்கு முக்கிய குற்றவாளி. பேட் மில்ஸ் எழுதி ஜோ கொல்கூன் வரைஞ்சது, பேட்டில் பத்திரிகையில 1979 ஜனவரியில ஆரம்பிச்சது, ரெபெல்லியன் 2018ல மூணு புக்கா போட்டாங்க. முதல் உலகப் போர். சார்லி போர்ன்னு பதினாறு வயசு லண்டன் பையன் பட்டாளத்துல சேர்றான், வயசு பத்தலன்னு தெரிஞ்சும் சேத்துக்கறாங்க, 1916ல சோம் நதிப் பக்கம் பதுங்கு குழியில கொண்டு போய் விடறாங்க. இதுல யாரும் ஹீரோ இல்ல. கூட இருக்கறவன்ட்ட பேசிட்டு இருக்கும்போதே அவன் போயிடறான். சொந்த அதிகாரிங்கதான் எதிரிய விடக் கொடுமையா இருக்காங்க. பசங்களுக்குப் போர்னா ஜாலின்னு காட்டின காலத்துல, அதே மாதிரி பத்திரிகையிலயே இதை எப்படி விட்டாங்கன்னு இன்னும் புரியல.

இதுல ஒரு சமாச்சாரம். சார்லி வீட்டுக்கு லெட்டர் எழுதுவான், படிப்பு கம்மிங்கறதால எழுத்துப் பிழையோட எழுதுவான், கட்டத்துக்கு நடுவுல அந்த லெட்டர் ஓடும். கீழ படத்துல ஆளுங்க சேத்துல கெடந்து சாகறாங்க, மேல லெட்டர்ல "நான் நல்லா இருக்கேன், கேக்கு வந்து சேந்துச்சு"ங்கற ரேஞ்சுல ஏதோ எழுதிட்டிருக்கான். அந்தப் பிழைதான் அடி வயித்துல குத்துது. இதை யாராவது தமிழ்ல கொண்டு வந்தா அந்த லெட்டரை என்ன பண்ணுவாங்கன்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். ல, ள, ழ எல்லாத்தையும் மாத்திப் போட்டு, ஒற்று எழுத்தை முழுக்க முழுங்கி, எங்க அம்மாச்சி போஸ்ட் கார்டு எழுதற மாதிரி எழுதினா வேலைக்கு ஆகலாம். "நலம் நலம் அரிய ஆவல்"னு அது தொடங்கும், றி கிடையாது.

வாங்கறதப் பத்தி. நம்ம ஊர் கடையில இதெல்லாம் கண்ணுல படல எனக்கு, ஆன்லைன்ல வரவழைச்சா புக் விலைய விட கப்பல் கூலி கைய கடிக்கும். முன்ன ஒரு தடவை வேற ஒரு புக் வெளிநாட்டுலேருந்து வரவழைச்சு மூலை நாலும் மடங்கி, மழையில நனைஞ்சு, கொரியர்காரர் கேட்டுக்கு மேல தூக்கிப் போட்டுட்டுப் போனாரு, அதுலேருந்து ஆள் மூலமாத்தான். டிஜிட்டலாவும் விக்கறாங்க, டேப்லெட் பெருசா இருந்தா அது மோசமில்ல, ஃபோன்ல முயற்சி பண்ணாதீங்க, ஏழெட்டு கட்டம் இருக்கற பக்கத்தை விரலால பெருசாக்கி பெருசாக்கி கதை மறந்து போயிடும். ஒண்ணு மட்டும் வாங்க காசு இருக்குன்னா, மாயாவி படிச்சு வளந்தவங்க ஸ்டீல் க்ளா, மத்தவங்க எல்லாரும் சார்லி முதல் வால்யூம். ஸ்பைடரை இரவல் வாங்கிப் படிங்க.

இரவல்னதும் சொல்றேன், அந்த ப்ளக் பாயின்ட் அண்ணன் போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தாரு, இப்ப ஈபியில லைன் இன்ஸ்பெக்டர், நம்புங்க. டேபிள் மேல ஸ்டீல் க்ளாவ பாத்ததும் காபிய கூட குடிக்காம எடுத்துப் புரட்ட ஆரம்பிச்சவர், "இவன் பேங்க்ல திருடறானாடா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. போகும்போது புக்கு அவர் வண்டி சைடு பாக்ஸ்ல போச்சு. ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டேன், எடுக்க மாட்டேங்கறாரு.